கராத்தே பெல்ட், கியூ, டான், கிரேடிங்: பெத்தவங்களும் புதுசா சேர்றவங்களும் அடிக்கடி கேக்குற கேள்விகள்

கிளாஸ் முடிஞ்சு பசங்க ஷூ மாட்டிக்கிட்டு இருக்கிறப்போ பெத்தவங்க வாசல்ல நின்னு கேக்குற கேள்விங்க தான் இதெல்லாம், ஃபோன்லயும் இதே தான் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கா பாதி பாதியா பதில் சொல்றதுக்கு முழுசா ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு எழுதுறேன். நான் பயிற்சி பண்றது ஷோட்டோகான், அதனால உதாரணம் பெரும்பாலும் அதுல இருந்து தான் வரும், மத்த ஸ்டைல்ல எங்க மாறுதோ அங்க சொல்லிடுறேன்.

பெல்ட் கலருக்கு என்ன தான் அர்த்தம்?

ஒரு மாஸ்டர் தன்னோட ஸ்டைல் பாடத்திட்டத்துல இந்தப் பிள்ளைக்கு இது வரைக்கும் சொல்லிக் கொடுத்திருக்கேன், செய்யச் சொல்லியும் பாத்துட்டேன்னு சொல்றது தான் பெல்ட். முப்பது பேர் நிக்கிற கிளாஸ்ல யாருக்கு எது வரைக்கும் தெரியும்னு ஒரு பார்வையில தெரிஞ்சா தான் பாடம் நடத்த முடியும், வரிசையில யாரு எங்க நிக்கணும், குமித்தேக்கு (ஜோடியா நின்னு பண்ற சண்டைப் பயிற்சி) யாரோட யாரை ஜோடி சேக்கலாம், யாருகிட்ட வேகத்தைக் குறைச்சு உதைக்கணும்னு எல்லாமே பெல்ட்டைப் பாத்துத் தான். போன மாசம் சேந்த பையன் முன்னாடி ஒரு பிரவுன் பெல்ட் நின்னா, அந்தப் பையனுக்கு அடிபடாம பாத்துக்கிற பொறுப்பு பிரவுன் பெல்ட்டோடது, எனக்கு பெல்ட்டுல ரொம்பப் பிடிச்ச விஷயமே இது தான்.

அந்த டோஜோவுக்கு (பயிற்சிக் கூடம்) வெளிய, அந்த ஸ்டைலுக்கு வெளிய பெல்ட் கலர் தானா எதையும் நிரூபிக்காது. ரெண்டு வேற வேற கிளாஸ்ல வாங்கின கிரீன் பெல்ட்டுங்க ஒரே தரமா இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. இது புரிஞ்சிட்டா கீழ வர்ற பாதி கேள்விக்கு பதில் தானா வந்துடும்.

கியூ, டான் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பிளாக் பெல்ட்டுக்கு முன்னாடி இருக்கிற படிங்க கியூ, பிளாக் பெல்ட்ல இருந்து டான். கியூ மேல இருந்து கீழ எண்ணும், 9 அல்லது 10-வது கியூல ஆரம்பிச்சு 8, 7, 6-ன்னு குறைஞ்சு 1-வது கியூவுக்கு வரும். டான் 1-ல ஆரம்பிச்சு ஏறும், பெரும்பாலான அமைப்புகள்ல 10 வரைக்கும். அதனால சர்டிஃபிகேட்ல 3 கியூ-ன்னு போட்டிருந்தா அது பிரவுன் பெல்ட், மூணாவது டான் கிடையாது, இதை நிறைய பேர் குழப்பிக்கிறாங்க.

கலர் வரிசை எல்லா கிளாஸ்லயும் ஒண்ணு தானா?

இல்ல. ஒயிட்ல ஆரம்பிக்கிறது, பிளாக்குக்கு முன்னாடி பிரவுன் வர்றது, இந்த ரெண்டும் தான் கிட்டத்தட்ட எல்லா இடத்துலயும் ஒண்ணு. நடுவுல இருக்கிறது அமைப்புக்கு அமைப்பு மாறும். ஷோட்டோகான்ல பரவலா ஒயிட், யெல்லோ, ஆரஞ்ச், கிரீன், அப்புறம் புளூவோ பர்ப்பிளோ, அப்புறம் பிரவுன். கியோகுஷின்னு இன்னொரு கராத்தே ஸ்டைல்ல ஒயிட்டுக்கு அடுத்து ஆரஞ்ச், அப்புறம் புளூ, அதுக்கப்புறம் தான் யெல்லோ, கிரீன், பிரவுன். ஒரு கியோகுஷின் பையனோட யெல்லோ பெல்ட்டைப் பாத்துட்டு "இப்ப தான் சேந்திருக்கான் போல"ன்னு நெனச்சீங்கன்னா ஏமாந்துடுவீங்க, அவன் ரொம்ப தூரம் வந்திருப்பான். பெல்ட் நுனியில கோடு போட்டுக் குடுக்கிறது, பாதி கலர் பாதி வெள்ளை பெல்ட் குடுக்கிறதுன்னு இன்னும் பல வகை இருக்கு. கலரைக் கேக்காம கியூ நம்பரைக் கேளுங்க, அது தான் கொஞ்சமாவது ஒத்துப்போகும்.

பெல்ட் எல்லாம் ஆயிரம் வருஷப் பழக்கமாமே?

நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல தான் ஆகுது, கராத்தேக்குள்ள வந்த கதை இன்னும் சின்னது. இதை விவரமாவே சொல்றேன், ஏன்னா இது தெரியாததால தான் பெல்ட்டைப் பத்தி இவ்ளோ கட்டுக்கதை சுத்துது.

டான்ங்கிற முறையே கராத்தேல பிறக்கல, சண்டைக் கலையிலயும் பிறக்கல. ஜப்பான்ல கறுப்பு வெள்ளைக் கல்லு வச்சு ஆடுற கோ-ன்னு ஒரு பலகை விளையாட்டு இருக்கு, அதுல ஆட்டக்காரங்களுக்கு டான் தரம் குடுக்கிற பழக்கம் ரொம்ப முன்னாடியே இருந்துச்சு. ஜூடோவை உருவாக்கின கானோ ஜிகோரோ 1882-ல டோக்கியோவுல கோடோகான்னு ஜூடோ பயிற்சிக் கூடம் ஆரம்பிச்சார், 1883-ல சாய்கோ ஷிரோ, டொமிட்டா சுனேஜிரோன்னு ரெண்டு பேருக்கு முதல் டான் குடுத்தார். அப்ப அவங்களுக்குன்னு தனி பெல்ட் எதுவும் இல்ல, டான் வாங்கினவங்க கறுப்பு கட்டுற வழக்கம் 1886 வாக்குல தான் வந்துச்சு. கானோ ஒரு பள்ளிக்கூட வாத்தியார், கல்வித் துறையில பெரிய ஆள், படிப்புல வகுப்பு இருக்கிற மாதிரி பயிற்சியிலயும் படி வச்சா பசங்க நின்னு கத்துப்பாங்கன்னு யோசிச்சது அந்த வாத்தியார் மூளை தான்.

இதே காலத்துல கராத்தே பிறந்த ஒகினாவா தீவுல அது எப்படி இருந்துச்சுன்னா, டிரஸ் கிடையாது, பெல்ட் கிடையாது, சர்டிஃபிகேட் கிடையாது. வீட்டுப் பின்பக்கம், கல்லறை முற்றம், ராத்திரி நேரம், கொஞ்சப் பேர், சட்டையில்லாம பயிற்சி. ஷோட்டோகானை ஆரம்பிச்ச ஃபுனாகோஷி கிச்சினோட குருமார்களான அசாட்டோ, இட்டோசு ரெண்டு பேருமே வாழ்நாள்ல ஒரு கலர் பெல்ட்டும் கட்டினதில்ல. ஃபுனாகோஷி டெக்கிங்கிற கட்டா (வரிசை மாறாம தனியா செய்யுற அசைவுங்க) மூணையும் கத்துக்க 10 வருஷம் ஆச்சுன்னு அவரே எழுதியிருக்கார், அந்தப் பத்து வருஷத்துல அவருக்கு யாரும் கிரேடிங் (அடுத்த பெல்ட்டுக்கான டெஸ்ட்) வைக்கல.

1922-ல ஃபுனாகோஷி டோக்கியோ வந்து கராத்தே செஞ்சு காட்டினார், கானோ அவரை கோடோகானுக்கே கூப்பிட்டு மறுபடி செஞ்சு காட்டச் சொன்னார். அந்தப் பழக்கத்துல தான் ஜூடோ மாதிரி வெள்ளை டிரஸ்ஸும் பெல்ட்டும் கராத்தேக்குள்ள வந்துச்சு. 1924 ஏப்ரல்ல ஃபுனாகோஷி தன்கிட்ட பயிற்சி பண்ணின சில பேருக்கு முதல் டான் குடுத்தார், கராத்தேல முதல் டான் அது தான்னு சொல்லுவாங்க. அதுல கிமா ஷின்கின், பின்னாடி வாடோ-ரியூங்கிற ஸ்டைலை ஆரம்பிச்ச ஒட்சுகா ஹிரோனோரி எல்லாம் இருந்தாங்க.

அப்புறம் கியோட்டோவுல டாய் நிப்பான் புடோகுகாய்னு 1895-ல ஆரம்பிச்ச பெரிய அமைப்பு ஒண்ணு இருந்துச்சு, ஜப்பானிய வீரக்கலைகளுக்கு அங்கீகாரம் குடுக்கிறவங்க. 1933-ல அவங்க கராத்தேயை ஏத்துக்கிட்டாங்க. அதுக்கு மேல ஒரே மாதிரி டிரஸ், தரம், பாடத்திட்டம்னு எல்லா பக்கமும் பரவிடுச்சு. ஆனாலும் கோஜு-ரியூ ஸ்டைலை ஆரம்பிச்ச மியாகி சோஜுன் 1953-ல சாகுற வரைக்கும் தன் மாணவர்கள் யாருக்கும் டான் குடுக்கல. அவரோட சீடர்கள் கட்டுற பிளாக் பெல்ட் எல்லாம் அவர் போனப்புறம் வந்தது. அவ்ளோ பெரிய ஆள் பெல்ட்டே இல்லாம ஒரு தலைமுறையையே தயார் பண்ணியிருக்கார்னா, பெல்ட் பயிற்சிக்கு உதவி பண்ற ஒரு ஏற்பாடு தான், பயிற்சியோட உயிர் வேற எங்கயோ இருக்குன்னு நான் நம்புறேன்.

யெல்லோ, கிரீன், புளூ எல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னா ஐரோப்பா. ஜூடோ அங்க போனப்போ லண்டன், பாரிஸ் பக்கம் வாரத்துக்கு ஒருநாள் ரெண்டுநாள் வந்து பழகுறவங்களுக்கு நடுவுல படி தேவைப்பட்டுச்சு, பாரிஸ்ல கவாய்ஷி மிக்கினோசுகே 1930-கள்ல கலர் பெல்ட் முறையைப் பரப்பினார், அது சுத்தி வந்து கராத்தேலயும் ஒட்டிக்கிச்சு.

அப்ப வெள்ளை பெல்ட் வருஷக்கணக்கா துவைக்காம அழுக்காகி கறுப்பாச்சுங்கிற கதை?

கேக்க நல்லாருக்கும், ஆனா அப்படி நடக்கல. மேல சொன்ன மாதிரி கறுப்புங்கிறது கானோ வேணும்னே வச்ச அடையாளம். துவைக்கக் கூடாதுங்கிறதும் இந்தக் கதையில இருந்து கிளம்பினது தான். நம்ம ஊர் வேர்வைக்கு பெல்ட்டைத் தாராளமா பச்சத் தண்ணியில அலசிக் காயப் போடுங்க, மத்த துணியோட சேத்துப் போட்டா மட்டும் சாயம் ஏறிடும். நடக்கிறது என்னன்னா இதுக்கு நேர் எதிர்: மேல சாட்டின் துணி சுத்தின பிளாக் பெல்ட் வருஷக்கணக்குல முடிச்சு போடுற இடத்துல கிழிஞ்சு, உள்ள இருக்கிற வெள்ளைப் பருத்தி வெளிய தெரியும். பழைய மாஸ்டருங்க இடுப்புல நைஞ்சு போய் பாதி வெள்ளையா தொங்குறது அப்படித் தான். புது பெல்ட்டை உப்புத்தாளால தேச்சு பழசாக்குறவங்களும் இருக்காங்க, தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க.

கிரேடிங்ல என்ன பாப்பாங்க?

மூணு பகுதி: கிஹோன் (அடிப்படை அசைவுங்க), கட்டா, குமித்தே. முதல் கிரேடிங் போற ஒயிட் பெல்ட் பிள்ளையை எடுத்துக்கோங்க, ஷோட்டோகான்ல அது பொதுவா 8-வது கியூ டெஸ்ட். கிஹோன்ல ஒய்-சுகி (முன்னாடி அடி வச்சு குத்துறது), அகே-உகே (மேல தடுக்கிறது), சோட்டோ-உகே (வெளிய இருந்து உள்ள தடுக்கிறது), ஷுட்டோ-உகே (கையைக் கத்தி மாதிரி வச்சு தடுக்கிறது), மே-கேரி (முன்னாடி உதைக்கிறது), இதை முன்னாடியும் பின்னாடியும் நடந்து செய்யணும். குமித்தேன்னா அஞ்சு தடவை அடி, அஞ்சு தடவை தடுப்பு, கடைசியில ஒரு பதிலடி. கட்டா ஹெய்யான் ஷோதான்.

ஹெய்யான் ஷோதான்ல 21 அசைவு, ரெண்டு கியாய் (சத்தமா கத்துறது). பெத்தவங்க பொதுவா பாக்குறது மறக்காம செஞ்சானான்னு தான். எக்ஸாமினர் கண்ணு பெரும்பாலும் காலுக்குப் போகும். முன்னாடி பாஞ்சு நிக்கிற சென்குட்சு-டாச்சில பின்னங்கால் குதிகால் தரையை விட்டுத் தூக்குதா, முட்டி உள்ள சரியுதா, குத்தினப்புறம் இன்னொரு கை இடுப்புக்கு முழுசா வந்துச்சா இல்ல வயித்துக்கு முன்னாடி தொங்குதா, திரும்புறப்போ உடம்புக்கு முன்னாடி பார்வை திரும்புச்சா. கட்டா நடுவுல மூணு அகே-உகே போட்டு நேரா முன்னாடி போவாங்க, மூணாவதுல கியாய், அப்புறம் பக்கவாட்டுல போயிட்டு, அதே கோட்டுல மூணு ஒய்-சுகி போட்டுத் திரும்பி வருவாங்க, அதுலயும் மூணாவதுல கியாய். போற மூணு அடியும் வர்ற மூணு அடியும் ஒரே நீளமா இருந்தா தான் கட்டா ஆரம்பிச்ச இடத்துலயே முடியும். சோர்வுல காலைக் குட்டையா வச்ச பிள்ளை ஒரு அடி தள்ளி முடிக்கும், பாத்தாலே தெரிஞ்சிடும், வாயத் திறந்து யாரும் சொல்லவே வேண்டாம். கடைசி நாலு ஷுட்டோ-உகே கோக்குட்சு-டாச்சிங்கிற பின்பக்கம் சாஞ்ச நிலையில, எடை 70 சதவீதம் பின்னங்கால்ல இருக்கணும், பெரும்பாலான பசங்க அதுக்குள்ள களைச்சுப் போய் நடுவுல நிப்பாங்க. வீட்ல பழக விடுறீங்கன்னா தரையில ஒரு துண்டு டேப் ஒட்டி அது மேல நின்னு ஆரம்பிக்கச் சொல்லுங்க, முடியறப்போ எங்க நிக்கிறான்னு அவனே பாத்துக்குவான்.

இன்னொண்ணு, தப்பு விட்டப்புறம் என்ன பண்றான்ங்கிறதும் மார்க் தான். நடுவுல மறந்துட்டா நின்னு மூச்சு விட்டு அந்த இடத்துல இருந்து தொடர்ற பிள்ளையை நல்ல எக்ஸாமினர் எப்பவும் கவனிப்பார்.

பிளாக் பெல்ட் வாங்க எத்தனை வருஷம் ஆகும்?

வாரத்துக்கு ரெண்டு மூணு கிளாஸ் விடாம போனா நாலுல இருந்து ஆறு வருஷம்னு வச்சுக்கோங்க. ஆரம்ப கியூங்களுக்கு நடுவுல மூணு நாலு மாசம் இடைவெளி இருக்கும், பிரவுன்ல மட்டும் மூணு படி இருக்கும், அங்க தான் ரொம்ப நாள் நிப்பாங்க, நிக்கவும் வேணும். ஒண்ணரை வருஷத்துல பிளாக் பெல்ட் கேரண்டின்னு போர்டு வச்சிருந்தா அங்க சேக்காதீங்க. கேரண்டி குடுத்துட்டா அப்புறம் டெஸ்ட் எதுக்கு.

எட்டு ஒம்பது வயசுப் பிள்ளைங்க பிளாக் பெல்ட் கட்டுறாங்களே, அது சரியா?

அந்தப் பிள்ளை மேல தப்பே கிடையாது, அது பாவம் உழைச்சிருக்கும். பெரியவங்க வேற விதமா கையாளலாம்ங்கிறது தான் என் கருத்து. பல அமைப்புங்க சின்னப் பிள்ளைங்களுக்கு ஜூனியர் டான், இல்லன்னா ஷோதான்-ஹோன்னு தற்காலிகத் தரம் குடுத்து, பதினாறு வயசு வாக்குல மறுபடி டெஸ்ட் வச்சு முழு டான் குடுக்கிறாங்க. டேக்வாண்டோல கொரியாவோட குக்கிவோன் அமைப்பு சின்னவங்களுக்கு டானுக்கு பதிலா பூம்னு தனித் தரமும் பாதி சிவப்பு பாதி கறுப்பு பெல்ட்டும் வச்சிருக்கு, அது நேர்மையான வழி. பிளாக் பெல்ட்டுங்கிறது அடுத்தவங்களைப் பாத்துக்கிற பொறுப்பும் சேந்தது, ஒம்பது வயசுப் பிள்ளை தோள்ல அதை முழுசா ஏத்தக் கூடாது. கூடவே, அவ்ளோ சீக்கிரம் உச்சிக்கு வந்தாச்சுன்னு நெனச்சு பத்து வயசுல கிளாஸை விட்டுட்டுப் போற பசங்க நிறைய, அது தான் எனக்கு மனசு வலிக்கிற விஷயம்.

முதல் டான் வாங்கினா மாஸ்டர் ஆயிடலாமா?

அடிப்படையை ஒழுங்கா முடிச்சிருக்கீங்க, இனிமே கராத்தே கத்துக்க ரெடின்னு அர்த்தம், ஜப்பான்லயும் அதை அப்படித் தான் பாக்குறாங்க. அடுத்தடுத்த டானுக்கு இடைவெளி கூடிக்கிட்டே போகும், பொதுவா ரெண்டாவதுக்கு ரெண்டு வருஷம், மூணாவதுக்கு இன்னும் மூணு வருஷம்னு. ரென்ஷி, கியோஷி, ஹான்ஷிங்கிறதெல்லாம் டான் நம்பர் கிடையாது, புடோகுகாய் காலத்துல இருந்து வர்ற பட்டங்கள், மியாகிக்குக் கூட 1937-ல கியோஷி பட்டம் தான் குடுத்தாங்க.

பெல்ட் கலர்ல ஷோட்டோகானோட பெரிய அமைப்பான ஜே.கே.ஏ.ல (ஜப்பான் கராத்தே அசோசியேஷன்) முதல் டானும் எட்டாவது டானும் ஒரே சாதா கறுப்பு தான் கட்டுவாங்க, கியோகுஷின்ல ஒரு டானுக்கு ஒரு தங்கக் கோடு, ஒகினாவா அமைப்புகள் சிலதுல பெரியவங்களுக்கு சிவப்பு-வெள்ளை, சிவப்பு பெல்ட் உண்டு.

அப்ப டோர்னமென்ட்ல எல்லாரும் சிவப்பும் நீலமும் கட்டுறாங்களே?

அது தரம் கிடையாது. யாரு எந்தப் பக்கம்னு ஜட்ஜுக்குத் தெரியத் தான், அக்கா-ன்னா சிவப்பு, ஆவோ-ன்னா நீலம். உலக கராத்தே ஃபெடரேஷன் விதி இது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல, 2021-ல நடந்துச்சே, ஆண்கள் கட்டால ஒகினாவாக்காரர் கியுனா ரியோ தங்கம் வாங்கினார், அங்க யாருக்கு எத்தனை டான்னு பெல்ட்டைப் பாத்துச் சொல்லவே முடியாது, கட்டாவைப் பாத்துத் தான் மார்க் போட்டாங்க.

வீடு மாறிட்டோம், புது கிளாஸ்ல பழைய பெல்ட் செல்லுமா?

அதே அமைப்போட கிளைன்னா செல்லும், கிரேடிங் கார்டும் சர்டிஃபிகேட்டும் எடுத்துட்டுப் போங்க. ஸ்டைலே வேறன்னா புது மாஸ்டர் முடிவு பண்ணுவார். ஷிட்டோ-ரியூங்கிற ஸ்டைல்ல பினான்னு சொல்ற கட்டாங்க தான் ஷோட்டோகான்ல ஹெய்யான், இட்டோசு பள்ளிக்கூடப் பசங்களுக்காக அமைச்சது, ஆனா ஃபுனாகோஷி முதல் ரெண்டையும் இடம் மாத்திட்டார், அங்க பினான் நிதான்னு படிச்சது இங்க ஹெய்யான் ஷோதான். நிக்கிற விதமும் மாறும். அதனால பையனை ஒயிட் பெல்ட் கட்டச் சொன்னா அவமானம்னு எடுத்துக்காதீங்க, உடம்புல ஏறின பயிற்சி எங்கயும் போகாது, நல்ல மாஸ்டர்னா ஒரு மாசத்துல கண்டுபிடிச்சு சரியான இடத்துல நிறுத்திடுவார்.

பெல்ட் எப்படிக் கட்டுறது?

ரெண்டா மடிச்சு நடுவைக் கண்டுபிடிச்சு, அதை தொப்புளுக்குக் கீழ வச்சு, ரெண்டு நுனியையும் முதுகுப் பக்கம் கொண்டுபோய் கை மாத்தி முன்னாடி கொண்டு வாங்க. மேல வர்ற நுனியை ரெண்டு சுத்துக்கும் அடியில விட்டு மேல இழுங்க, அப்புறம் இன்னொரு நுனியோட சேத்து ஒரு முடிச்சு, தட்டையா உக்காரணும். ரெண்டு பக்கமும் ஒரே நீளமா தொங்கணும். முடிச்சு நிமிந்து நின்னுக்கிட்டு இருந்தா ஒரு நுனி தப்பான பக்கமா போயிருக்கு, அவுத்துட்டு கட்டுங்க. அஞ்சு வயசுப் பிள்ளைக்கும் அம்மா கட்டி விடாம அதுவே கட்டிப் பழகட்டும்.

பிளாக் பெல்ட் வாங்கினா போலீஸ்ல பதிவு பண்ணணுமா?

வேண்டாம், அப்படி ஒரு சட்டமே நம்ம நாட்டுல கிடையாது. தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாங்கிற குற்றவியல் சட்டத்துல 34-ல இருந்து 44 வரைக்கும் உள்ள பிரிவுகள்ல இருக்கு, எல்லாருக்கும் ஒண்ணு தான். தற்காத்துக்கத் தேவையான அளவுக்கு மேல அடிக்கக் கூடாதுங்கிறதும் அதுலயே இருக்கு, அதைப் பசங்களுக்கு கட்டாயம் சொல்லிக் குடுங்க.

பெல்ட் சர்டிஃபிகேட் காலேஜ் சீட்டுக்கு, வேலைக்கு உதவுமா?

ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல கேக்குறது அங்கீகாரம் உள்ள போட்டியில ஜெயிச்ச சர்டிஃபிகேட். கிரேடிங் சர்டிஃபிகேட் அது இல்ல. ரெண்டையும் குழப்பி யாராவது ஆசை காட்டினா நம்பாதீங்க.

கிரேடிங்ல ஃபெயில் ஆயிட்டான், வீட்ல அழுதுக்கிட்டே இருக்கான், என்ன பண்றது?

முதல்ல அவனை அழ விடுங்க. அப்புறம் மாஸ்டர்கிட்ட போய் எது சரியில்லன்னு கேளுங்க, "எல்லாமே இன்னும் நல்லா பண்ணணும்"னு பொத்தாம் பொதுவா சொன்னா விடாதீங்க, எந்த அசைவு, எந்தக் காலுன்னு கேட்டு வாங்கிட்டு வாங்க. ஒரே ஒரு விஷயம் கையில இருந்தா பிள்ளை அடுத்த நாளே பழக ஆரம்பிச்சிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோட பெல்ட்டை மட்டும் அந்த வாரம் பேச்சுல இழுக்காதீங்க. என் கண்ணுல, யாருமே ஃபெயில் ஆகாத கிளாஸ் தான் கவலைப்பட வேண்டியது.

கிரேடிங் ஃபீஸ் கேக்குறாங்க, இது நியாயமா, எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஃபீஸ் வாங்குறது தப்பில்ல, ஹால் வாடகை, வெளிய இருந்து வர்ற எக்ஸாமினர் செலவு, பெல்ட், சர்டிஃபிகேட்னு செலவு இருக்கு. சேர்றதுக்கு முன்னாடியே இதைக் கேட்டுடுங்க: ஒயிட்ல இருந்து பிளாக் வரைக்கும் எத்தனை கிரேடிங், ஒவ்வொண்ணுக்கும் எவ்ளோ, டான் டெஸ்ட்டுக்கு எவ்ளோ, சர்டிஃபிகேட் எந்த அமைப்பு பேர்ல வரும், எக்ஸாமினர் யாரு, அவருக்கு யார் டான் குடுத்தாங்க. நேர்மையான மாஸ்டர் இதுக்கெல்லாம் கோவப்படவே மாட்டார், தன் குரு பேரை சந்தோஷமா சொல்லுவார். அப்புறம் ஒருநாள் கிரேடிங் நடக்கிறப்போ போய் உக்காந்து பாருங்க. பிள்ளைங்களை ஒவ்வொருத்தரா, இல்ல ரெண்டு மூணு பேரா கூப்பிட்டுப் பாக்குறாங்களா, இல்ல நூறு பேரை ஒண்ணா நிக்க வச்சு பத்து நிமிஷத்துல முடிச்சு எல்லாருக்கும் பெல்ட் குடுக்கிறாங்களான்னு கண்ணால பாத்துட்டு பணம் கட்டுங்க.

எனக்கு நாப்பது வயசு, இப்ப ஒயிட் பெல்ட் கட்டி சின்னப் பசங்க பின்னாடி நிக்கலாமா?

தாராளமா. வரிசையில பத்து வயசு கிரீன் பெல்ட் உங்களுக்கு முன்னாடி நிக்கும், அது உங்களுக்கு கட்டா சொல்லிக் குடுக்கும், கேட்டுக்கோங்க. முட்டி, இடுப்பு, பிரஷர் ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு மாஸ்டர்கிட்டயும் முதல் நாளே சொல்லிடுங்க. உதை தலை உயரத்துக்குப் போகலன்னாலும் இடுப்பு உயரத்துல ஒழுங்கா உதைச்சா பெரியவங்களுக்கு கிரேடிங்ல அதை ஏத்துக்கிற எக்ஸாமினருங்க நிறைய பேர் இருக்காங்க. முதல் மூணு மாசம் சென்குட்சு-டாச்சி நின்னே தொடை வலிக்கும், மாடிப்படி இறங்குறப்போ தெரியும், அது சாதாரணம் தான். டிரஸ்ஸும் பெல்ட்டும் முதல் நாளே வாங்கணும்னு இல்ல, டிராக் பேண்ட், டி-ஷர்ட்ல ஒரு மாசம் வந்து பாத்துட்டு அப்புறம் வாங்குங்க.